கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது மாத்திரைகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று லேபிள் ஒட்டாமல் வைத்தவனைப் பத்துப் பேர் எதிரில் நிறுத்தி மானத்தை வாங்கியிருக்கிறேன். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் அமிலத்தை ஊற்றி மேசையில் வைத்த ஓர் ஆபரேட்டரை, அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், மூன்று நாள் வெளியே நிறுத்தினேன். முட்டாள்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ரசாயனம் ஆபத்தில்லை, அதைத் தொடுகிற ஆள்தான் ஆபத்து என்று பயிற்சி வகுப்பில் சொல்வேன். சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பேன். நான் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்ததில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தூக்கம் போயிற்று. பிறகு சாப்பாட்டின் ருசி போயிற்று. பிறகு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை மரத்தூள் பிசைந்த மாதிரி விழுங்கிவிட்டு, கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்தபடி பத்து நிமிடம் நிற்பேன். என்ன காரணம் என்று கேட்பார்கள். காரணம் இருந்தால்தான் மனிதன் இடிந்துபோகலாம் என்று உறவினர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. மகள் பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தாள். மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறையில்லாதவனுக்கு என்ன வியாதி என்று கேட்டவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எந்தக் குறையால் வந்தன என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

தொழிற்சாலையில் வெல்டிங் வேலைக்கு அனுமதிச் சீட்டு தர வேண்டியது என் பொறுப்பு. அந்த இடத்தில் எரிவாயுக் கசிவு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்து, அளவை எழுதி, அதன்பின் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் பகலில் ஷிப்ட் இன்ஜினியர் பெண் என் அறைக்கு வந்து சீட்டை மேசையில் வைத்தாள்.

"சார், கேஸ் ரீடிங் எழுதவே இல்ல. கையெழுத்து மட்டும் போட்டிருக்கீங்க."

"அப்பிடியா?"

"நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ரீடிங் இல்லாம கையெழுத்து வாங்கக்கூடாதுன்னு."

அவள் குரலில் குத்தல் எதுவுமில்லை, பயம்தான் இருந்தது. நான் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் கட்டுரை நோட்டைத் திருத்துகிற பெண் இல்லை, கணக்கு நோட்டைத் திருத்துகிறவள். சரி, தப்பு, இரண்டுதான் அவளுக்கு. "சனிக்கெழம டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

சிதம்பரத்துக்குப் போனோம். கடலூரிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடலூரில் என்னைத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அதற்காக ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒன்றரை மணி நேரம் பேருந்தில் குலுங்கிக்கொண்டு போய் அந்தக் கிளினிக்கில் நுழைந்தால், முதல் நாற்காலியில் எங்கள் தொழிற்சாலை கேன்டீன் காண்டிராக்டர் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா சார் இந்தப் பக்கம்?"

"கோயிலுக்கு வந்தோம்."

"நானும் கோயிலுக்குத்தான் சார்."

இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் சாமி கும்பிட்டோம்.

மருத்துவர் ஒரு பெண். என் மகளைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கலாம். முதலில் ஒரு புது வகை மாத்திரை கொடுத்தார். அது எனக்கு வயிற்றைக் கலக்கியது, மூன்று வாரம் பார்த்தும் ஒத்துவரவில்லை. அடுத்த முறை ஈசிஜி எடுக்கச் சொல்லி அந்தத் தாளை நிதானமாகப் பார்த்துவிட்டு, பழைய வகை மாத்திரை ஒன்றுக்கு மாற்றினார். அமிட்ரிப்டிலின். எனக்கு வருடக்கணக்காக இருந்த தலைவலிக்கும் அது கேட்கும் என்றார்.

கொடுப்பதற்கு முன் கேள்விகள். இதயத்தில் ஏதாவது? வலிப்பு வந்ததுண்டா? கண்ணில் பிரஷர்? சிறுநீர் போவதில் சிரமம்? வேறு என்ன மாத்திரை? தும்மலுக்கு, அரிப்புக்கு, வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுவதுண்டா? நான் எல்லாவற்றுக்கும் வாட்ச்மேனுக்குப் பதில் சொல்கிற மாதிரி இல்லை, இல்லை என்றேன். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் ஓடியது. இந்த மாதிரி கேள்விப் பட்டியல் போட்டே இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

"சாகணும்னு தோணுதா சார்?" என்றார், அதே குரலில்.

"சேச்சே."

"தோணுது டாக்டர்" என்றாள் மனைவி. "எங்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியும்."

மருத்துவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு அவளிடம் பேச ஆரம்பித்தார். "அப்ப மாத்திர உங்க கையிலதான் இருக்கணும்மா. ரெண்டு வாரத்துக்குத்தான் எழுதறேன். பீரோல பூட்டி வைங்க. நான் சொன்ன அளவுல போட்டா நல்ல மருந்து. அளவு தாண்டுனா இதயத்துல போயி நிக்கும், அதுக்கு அப்புறம் யார் வந்தாலும் கஷ்டம்." என் பக்கம் திரும்பி மற்றதைச் சொன்னார். ராத்திரி படுக்கும்போது ஒன்று. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. குடிக்கக்கூடாது. தூக்கக் கலக்கம் பழகும் வரை வண்டி ஓட்டக்கூடாது. படுக்கையிலிருந்து எழுந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். மனசுக்குப் பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், வாய் காய்வது மட்டும் நாளைக்கே தெரியும். ஆரம்பத்தில் மனசு இன்னும் கெட்டுப்போன மாதிரி இருந்தால் காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும். "முக்கியமா, நல்லாயிடுச்சின்னு நீங்களா நிறுத்திடாதீங்க. அத நாந்தான் சொல்லணும்."

விதிகள் எல்லாம் பலவீனமானவர்களுக்கு என்று நினைக்கிறவனைத் தொழிற்சாலையில் தினமும் பார்க்கிறேன். ஐந்தாம் நாள் காலை விருட்டென்று படுக்கையிலிருந்து எழுந்தேன். பீரோவின் கைப்பிடி நெற்றியில் பட்டுக் கிழித்தது. அதன்பின் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மலம் மூன்று நாளைக்கு ஒருமுறை இறங்கியது. காலை பத்து மணி வரை தலைக்குள் பஞ்சு. மனைவி பைக் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கம்பெனிப் பேருந்தில் போனேன். அனுமதிச் சீட்டு வேலையை ஒரு மாதத்துக்கு வேறொருவர் பார்த்தார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பீரோவைத் திறந்து ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள், டம்ளரைக் கொடுப்பாள், நான் விழுங்குகிற வரை நிற்பாள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எல்.கே.ஜி.

ஆனால் ஐந்தாவது வாரம் தூங்கினேன். ஒரு நாள் கேன்டீனில் ரசம் புளிக்கிறது என்று சண்டை போட்டேன். காண்டிராக்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு நாக்கு திரும்பிவிட்டது என்று அவருக்கு மட்டும் புரிந்தது.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்கு அண்ணன். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு. அறுபத்திரண்டு வயது. அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரிந்த விஷயமும் கிடையாது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவருக்கு ஒரு கஷாயம் தெரியும், யார் கேஸ் போட்டாலும் ஒரு வக்கீலைத் தெரியும். சொல்கிற எல்லாவற்றுக்கும் சாட்சியாக ஒரு ஆள் இருப்பான், அந்த ஆளை நாம் பார்த்திருக்க மாட்டோம். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து உலகத்தைத் திருத்திவிட்டுப் போவார்.

நான் மாத்திரை போடுகிறேன் என்று தெரிந்ததும் அடுத்த பேருந்திலேயே வந்தார்.

"இன்னா மாப்ள, மனசுக்கு எவனாச்சும் மாத்திர போடுவானா? காலுல அடிபட்டா மாத்திர போடு. மனசு இன்னா காலா?"

"டாக்டர் குடுத்தாங்க மச்சான்."

"டாக்டர் குடுக்காம பின்ன கொல்லனா குடுப்பான்? எங்க ஊர்ல ஒர்த்தன் இதே மாத்திரயத் தின்னுக்கினு இருந்தான். கடைசில வாய் கோணிக்கிச்சி."

"யாரு?"

"நீ பாத்ததில்ல."

மனைவி உள்ளேயிருந்து, "அண்ணா, காபி ஆறுது" என்றாள். அவளுடைய அகராதியில் அதற்கு வாயை மூடு என்று பொருள்.

அவள் எழுந்து போகிற நேரம் பார்த்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இப்ப நல்லாத்தான கீற? தூங்கற. சாப்புடற. அப்புறம் எதுக்கு இன்னும் முழுங்கற? ஜாஸ்தி நாள் போட்டா அடிமையாயிடுவ மாப்ள. எத்தினி வெல்டிங் ஆளுங்கள நீ மேய்க்கற, ஒரு மாத்திரைக்குப் போயி..."

இந்த மனிதரை நான் இருபத்தெட்டு வருடமாக இகழ்ந்து வருகிறேன். அவர் பேச்சை ஒரு முறையும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு வேண்டியதை அவர் சொன்னார், அவ்வளவுதான். படித்த மருத்துவர் சொன்ன பத்து விதிகளை விட, படிக்காத மச்சான் சொன்ன ஒரு பொய் எனக்கு இனித்தது. தொழிற்சாலையில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை வெளியே நிறுத்தியிருப்பேன்.

மாத்திரை போட ஆரம்பித்து மூன்றாவது மாதம். மனைவிக்கு என்மேல் நம்பிக்கை வந்து, டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நோட்டு திருத்தப் போய்விடுகிற காலம். மாத்திரையை விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தேன். பிறகு என் பழைய மூக்குக்கண்ணாடியின் பெட்டியில் போட்டு அலுவலகப் பையில் வைத்தேன். எறிந்திருக்கலாம். ரசாயனத்தைச் சாக்கடையில் விடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வேறு காரணம் இருந்ததா என்று மருத்துவர் பின்னால் கேட்டார். இருந்தது. ஒரு மூலையில், எனக்கே முகம் காட்டாமல், இருந்தது.

மூன்றாவது நாளே உடம்பு எதிர்க்க ஆரம்பித்தது. குமட்டல். காரணமில்லாத வியர்வை. தலைவலி. கண்ணை மூடினால் விகாரமான கனவுகள். அலுவலகத்தில் பேனா மூடியைக் காணவில்லை என்று கத்தினேன். ஏழாவது நாள் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்தபடி மீண்டும் நின்றேன். இதெல்லாம் மாத்திரையின் விஷம் இறங்குகிற அறிகுறி என்று மச்சான் போனில் விளக்கினார். அதையும் நம்பினேன்.

ஒன்பதாவது நாளுக்கு மறுநாள் சிதம்பரத்தில் கல்யாணம். மனைவியின் சித்தப்பா பேத்திக்கு. முந்தின நாள் மாலையே வரவேற்பு. பெண்கள் மண்டபத்திலேயே தங்கினார்கள். அன்றைய மாத்திரையை மனைவி மாலையிலேயே தண்ணீரோடு கொடுத்தாள், அதுவும் பெட்டிக்குப் போயிற்று. எனக்கும் மச்சானுக்கும் தெற்கு வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் ஒரே அறை. அறைக்குப் போனதும் பையிலிருந்து கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன்.

"பாருங்க மச்சான். ஒம்போது நாள். ஒண்ணு போடல."

"ஆம்பள" என்று முதுகில் தட்டினார்.

அந்த வார்த்தைக்காக என் மார்பு நிமிர்ந்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது. பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வரவேற்புக்குக் கிளம்பினேன். அவர் பின்னால் வருவதாகச் சொன்னார். வந்தபோது வாயிலிருந்து நெடி வந்தது. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் குடிக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரை அவமதித்ததாகும் என்பது அவர் கொள்கை.

காலையில் ஏழரைக்கு முகூர்த்தம். ஆறு மணிக்கு எழுப்பினேன். மூன்று முறை உலுக்கிய பிறகு கண்ணைத் திறந்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு உதட்டோடு ஒட்டியிருந்தது. "தண்ணி" என்றார், அதையும் பாதிதான் சொன்னார். நேற்றுக் குடித்தது என்று எண்ணினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டும்போது அட்சதையைப் பக்கத்தில் நின்றவர் தலையில் போட்டார். பந்தியில் இரண்டு இட்லியைப் பிசைந்துகொண்டே இருந்தார். இலையை மடித்துவிட்டு எழுந்தவர், எழுந்த வேகத்தில் அப்படியே சாய்ந்து, பாயசம் பரிமாற வந்தவர்மேல் விழுந்தார்.

அதன்பின் கூட்டத்தின் மருத்துவம் தொடங்கியது. கண்ணுபட்டுவிட்டது என்று ஒருவர். பித்தம் என்று ஒருவர். சோடா வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. ஒரு பெரியம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். மண்டபத்தில் நூறு பட்டதாரிகளாவது இருந்திருப்பார்கள். ஒரு ஆள் கூட, என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்தார். கழிவறைக்கு அழைத்துப் போனேன். வெளியே காத்திருந்தேன். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாவது முறை வரும்போது முகம் வெளிறி வேர்வை கொட்டியது.

"வரமாட்டேங்குது மாப்ள. முட்டுது. வரமாட்டேங்குது."

"எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

அப்போதுதான் எனக்கு மருத்துவரின் குரல் கேட்டது. சிறுநீர் போவதில் சிரமம் உண்டா? காய்ந்த உதடு. எழுந்ததும் விழுந்தது. லாட்ஜுக்கு ஓடினேன். வயது ஐம்பத்து மூன்று, தெற்கு வீதியில் பட்டு வேட்டியோடு ஓடினேன். கண்ணாடிப் பெட்டி மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்து எண்ணினேன். ஆறு.

திரும்பி வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன். "மச்சான், மூணு மாத்திர எங்க?"

"எந்த மாத்திர?"

"விளையாடாதீங்க."

"நா எதுக்கு உன் பைத்தியக்கார மாத்திரயத் திங்கறேன்?" என்றார். வயிறு தபலா மாதிரி உப்பியிருக்கிறது, கண் செருகுகிறது, அந்த நிலையிலும் கௌரவம். மனைவி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். பெட்டி என் கையில் திறந்திருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வண்டி கூப்புடுங்க" என்றாள்.

மருத்துவமனை அவசரப் பிரிவில் பணியில் இருந்த இளம் டாக்டர் கேட்டார். "ஏதாவது மாத்திரை போட்டீங்களாய்யா?"

"கேஸ் மாத்திர ஒண்ணு" என்றார் மச்சான்.

எங்களைச் சுற்றிக் கல்யாண வீட்டார் ஏழெட்டுப் பேர் பட்டும் மல்லிகையுமாக நின்றார்கள். நான் மனசுக்கு மாத்திரை போடுவது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை மாதம் பேருந்தில் குலுங்கினேன்.

"அமிட்ரிப்டிலின்" என்றேன். "மூணு போட்டிருக்காரு. என்னோட மாத்திர. மனச்சோர்வுக்கு நான் போடறது. ராத்திரி குடிச்சும் இருக்காரு." பெட்டியை நீட்டினேன். "ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு அவருக்கு. அதுக்கும் மாத்திர போடறாரு."

டாக்டர் நிமிர்ந்தார். "எப்ப போட்டாரு?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "படுக்கப்போறப்ப" என்றார். "தூக்கம் வரல. ஒண்ணு போட்டேன், வரல. ரெண்டு போட்டேன்."

தூக்கம் வராத மனிதர். மனசு என்ன காலா என்று கேட்டவர்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மார்பில் ஈசிஜி ஒட்டினார்கள். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிரம்பி இன்னொரு பை மாற்றினார்கள். இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மறுநாள் வரை கட்டிலில் வைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, மூன்றோடு நின்றது. அந்த டாக்டர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"இத லேபிள் இல்லாம, அட்டையிலேர்ந்து பிரிச்சு, யாரு சார் மேசமேல வெச்சது?"

"நான்தான்."

"என்ன வேல பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

வெளியே வராந்தாவில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "ஒம்போது நாளா என் கண்ணப் பாத்து வெறும் தண்ணிய குடிச்சிருக்கீங்க."

"நல்லாயிட்டேன்னு நெனச்சேன்."

"ஒம்போது மாத்திரய ஏன் சேத்து வெச்சீங்க?"

கையிலிருந்த பெட்டியின் மூடியை அழுத்தி மூடினேன். அவள் அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அது இரண்டாவது முறை. இகழ்ச்சி என்பது அடுத்தவரைப் பார்க்கும்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது, தன் பக்கம் திரும்பும்போது எப்படி எரிகிறது என்று அந்த வராந்தாவில் தெரிந்துகொண்டேன்.

மாலையில் அதே ஊரில் இருந்த என் மருத்துவரிடம் போனோம். நேரம் குறிக்காமல் போனவர்களை உட்காரவைத்துக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூலையில் இருந்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"குமட்டல், வேர்வை, கனவு, இதெல்லாம் அடிமைத்தனம் இல்ல சார். திடீர்னு நிறுத்துனா வரும். அதுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது. சோர்வு திரும்பி வந்தது வேற. அது நோய் இன்னும் முடியலன்னு அர்த்தம்." சிறிய அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மீதி ஆறையும் வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். "அந்த மாதிரி நெனப்பு வந்தா எங்கிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லுங்க. அது போதும் மொதல்ல." மனைவி மறுபடியும் டம்ளரோடு நிற்க ஆரம்பித்தாள். இம்முறை வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

மச்சான் குணமாகி ஊர் திரும்பினார். திரும்பியதிலிருந்து ஒரு கதை சொல்கிறார். மாப்பிள்ளையின் மாத்திரை தன்னைக் கொல்லப் பார்த்தது என்பது கதை. சாராயம் அதில் வருவதில்லை. திருடியது வருவதில்லை. ஒரு மாத்திரைக்குத் தூக்கம் வராததால் இன்னும் இரண்டு போட்டதும் வருவதில்லை. திட்டக்குடி வரைக்கும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது நான் பைத்தியம் என்று தெரியும். ஒரு வகையில் நிம்மதி. நல்லது கெட்டதுக்குப் போனால் யாரும் என்னிடம் நீண்ட நேரம் பேசுவதில்லை.

அடுத்த வருடம் தை மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார்.

"மாப்ள. அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கெழம பாப்பாங்களா?"

"யாருக்கு?"

"தெரிஞ்ச ஆளு ஒர்த்தனுக்கு."

"எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"நீ பாத்ததில்ல" என்றார். பிறகு மூச்சு விட்டார். "மூணு வருசமா தூக்கமில்ல மாப்ள. உந்தங்கச்சி போனதுலேர்ந்து." மச்சானின் மனைவியை நான் தங்கச்சி என்று அழைப்பேன். அவள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இத்தனை வருடம் எங்கள் சோபாவில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்தியவர் வீட்டுக்குத் திரும்பிப்போய் என்ன செய்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அழைத்துப் போனேன். அவருக்கு வேறு வகை மாத்திரை எழுதினார் மருத்துவர். ப்ராஸ்டேட் இருப்பதால் என்னுடையது அவருக்கு ஆகாது என்று விளக்கினார். வெளியே வந்ததும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார். "உனக்கு நல்ல மாத்திர, எனக்கு மட்டும் ஏதோ ஒண்ணா? ஆள் பாத்து எழுதறாங்களா?"

ஆள் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை, கோபித்துக்கொண்டு பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தார்.

எனக்கு மாத்திரை மொத்தம் ஒன்றரை வருடம். கடைசி மூன்று மாதம் அளவைக் குறைத்துக் குறைத்து, ஒரு சனிக்கிழமை மருத்துவரே நிறுத்தச் சொன்னார். வெளியே வந்து மனைவியிடம் இனிமேல் நாக்கைத் தூக்க வேண்டாம்தானே என்று கேட்டேன். ஒரு மாதம் போகட்டும், பார்க்கலாம் என்றாள்.